உழைப்பு வேறு, பயிற்சி வேறு: அலுக்காமல் உடம்பை அசைக்கச் சில வழிகள்



"உடற்பயிற்சி செய்யுங்கள்" என்று டாக்டர் சொன்னால் நம் தோட்டத்து மக்களுக்குச் சிரிப்புத்தான் வருகிறது. "விடியறதுக்கு முன்னாடியே பெரட்டுக்கு நிக்கிறோம். நாள் பூரா குனிஞ்சு நிமிந்து வேலை செய்யறோம். வாளி தூக்கறோம், குலை வெட்டறோம். இதுக்கு மேல எக்சர்சைஸ் வேறயா?" என்று கேட்காத தொழிலாளி இல்லை. கேள்வி நியாயமானதுதான். ஆனால் அதே வாயால், ஐம்பது வயது தாண்டியதும், "முதுகு புடிச்சுக்கிச்சு, முட்டி வலிக்குது, இனிப்பு நீர் வந்துடுச்சு" என்றும் சொல்கிறோம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கணக்கு எங்கேயோ இடிக்கிறது அல்லவா?

இன்னொரு பக்கம் நம் பிள்ளைகள். செபராங் பிறையில் தோட்டங்கள் பல மறைந்து தொழிற்சாலைகளும் வீடமைப்புகளும் வந்துவிட்டன. அப்பா அம்மா பால் வெட்டிய பத்து காவான் மண்ணில் இன்று பிள்ளை தொழிற்சாலை ஷிப்டுக்குப் போகிறான். வீடு அடுக்குமாடியில். ஏறுவதற்கு லிப்ட், போவதற்கு மோட்டார் சைக்கிள். மாறாமல் இருப்பது ஒன்றே ஒன்றுதான்: காட்டு வேலை செய்த காலத்தில் போட்டுச் சாப்பிட்ட அதே சோற்றுத் தட்டு!

இதன் விளைவு அரசாங்கக் கணக்கிலேயே இருக்கிறது. 2019-ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் பெரியவர்களில் 100-க்கு 18.3 பேருக்கு நீரிழிவு. மூன்று பெரிய இனத்தவரில் இந்தியர்களிடையேதான் அந்த விகிதம் மிக அதிகம். 2023-ஆம் ஆண்டு ஆய்வில் நாட்டுக் கணக்கு 15.6 ஆகக் குறைந்திருந்தது. குறைந்தது என்று மகிழ்ந்துவிட முடியாது. அப்போதும் ஆறு பேரில் ஒருவர் என்றுதான் கணக்கு வருகிறது. கால் விரல் எடுத்தவர், சிறுநீரகச் சுத்திகரிப்புக்குப் போகிறவர் என்று ஒவ்வொரு குடும்பத்திலும் யாராவது ஒருவர் இருக்கிறார். ஆகவே இந்த இதழில் இரண்டு கேள்விகளை எடுத்துக்கொள்வோம். உழைக்கிறவனுக்கு உடற்பயிற்சி எதற்கு? ஆரம்பித்த பயிற்சி அலுத்துப் போனால் என்ன செய்வது?

உழைப்பு ஏன் போதாது?

பால் வெட்டும் தோழியின் உடம்பைக் கவனியுங்கள். ஒரு நாளில் 500-க்கும் மேற்பட்ட மரம். ஒவ்வொரு மரத்திலும் அதே கை, அதே உளி, அதே பக்கமாக இழுப்பு. கீழ்ப்பட்டை என்றால் குனிவு, மேல்பட்டை என்றால் அண்ணாந்து பார்வை. செம்பனை வெட்டும் தோழருக்கோ கழுத்து நாள் முழுக்க மேலேயே இருக்கும். நீளக் கம்பில் கட்டிய அரிவாளை இழுத்து இழுத்துத் தோள் ஒரு பக்கமாக இறுகிவிடும். இருபது கிலோ குலையைத் தூக்கித் தள்ளுவதெல்லாம் இடுப்பின் தலையில்தான் விழும். சில தசைகள் அளவுக்கு மேல் தேய்கின்றன. மற்றவை தூங்குகின்றன. மூச்சு வாங்க நெஞ்சு வேலை செய்யும் நேரமோ குறைவு.

தொழிற்சாலைத் தோழர் கதை வேறு. எட்டு, பன்னிரண்டு மணி நேரம் ஒரே இடத்தில் நிற்பார் அல்லது உட்கார்ந்திருப்பார். கை மட்டும் ஓடும். சாயங்காலம் உடம்பு அடித்துப் போட்டது போல இருக்கும். ஆனால் அது அசதிதானே தவிர, பயிற்சி அல்ல. களைத்த உடம்பெல்லாம் பயின்ற உடம்பு ஆகிவிடாது.

இது வெறும் பேச்சு இல்லை. 2021-இல் டென்மார்க் ஆராய்ச்சியாளர்கள் கோப்பன்ஹேகன் வட்டாரத்தில் 1 லட்சத்து 4 ஆயிரம் பேரைத் தொடர்ந்து கவனித்து ஒரு கணக்கு வெளியிட்டார்கள். ஓய்வு நேரத்தில் உடம்பை அதிகமாக அசைத்தவர்களுக்கு மாரடைப்பு போன்ற இதய நோய் குறைவாக வந்தது. வேலை நேரத்தில் கடுமையாக உடம்பை வருத்தியவர்களுக்கோ கூடுதலாக வந்தது! புகைப்பழக்கம், வருமானம், படிப்பு எல்லாவற்றையும் கழித்துப் பார்த்த பிறகும் அந்த வேறுபாடு மறையவில்லை. அவர்கள் தரும் விளக்கம் நமக்கு நன்றாகவே புரியும். கடுமையான வேலையில் இரத்த அழுத்தம் மணிக்கணக்காக ஏறியே நிற்கிறது. சுமை அதிகம், ஓய்வு குறைவு. எப்போது நிறுத்துவது என்பது தொழிலாளியின் கையில் இல்லை. பயிற்சியிலோ அரை மணி நேரம் நெஞ்சு வேகமாக அடித்துவிட்டு அமைதி அடைகிறது. வேண்டும்போது செய்கிறோம், வேண்டாதபோது நிறுத்துகிறோம்.

"அப்படின்னா வேலையில ஏறி எறங்கறதே கெட்டதா?" என்று கேட்கலாம். அதுவும் இல்லை. 1953-இல் ஜெர்ரி மோரிஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் லண்டன் போக்குவரத்துத் தொழிலாளர்கள் சுமார் 31,000 பேரின் கணக்கை வெளியிட்டார். அங்கே மாடி பஸ்களில் டிரைவர் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார். கண்டக்டரோ டிக்கட் கிழித்துக்கொண்டு ஒரு நாளில் 500 முதல் 750 படிகள் ஏறுவார். ஒரே கம்பெனி, ஒரே வர்க்கம். ஆனால் கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவாக வந்தது. திடீர்ச் சாவும் குறைவு. பிறகு 1956-இல் அதே மோரிஸ், டிரைவர்களுக்குத் தைத்த கால்சட்டைகளின் இடுப்பு அளவு கண்டக்டர்களுடையதைவிடப் பெரிது என்று தையல் கணக்கிலிருந்தே காட்டினார்! கண்டக்டர் தலையில் சுமை இல்லை. கொஞ்சம் ஏறினார், நின்றார், மறுபடி ஏறினார். அதுதான் வித்தியாசம். அசைவு நல்லது, ஓய்வில்லாத சுமைதான் உடம்பைத் தின்கிறது.

பயிற்சி உடம்புக்குள் என்ன செய்கிறது?

நாம் சாப்பிடும் சோறு சர்க்கரையாகி இரத்தத்தில் கலக்கிறது. அதை வாங்கிப் பத்திரப்படுத்தும் பெரிய கிடங்கு நம் தசைதான். தசை சும்மா இருந்தால் கிடங்கின் கதவு அரைகுறையாகத் திறக்கிறது. சர்க்கரை இரத்தத்திலேயே சுற்றுகிறது. தசை அசைந்தால் கதவு தானாகத் திறக்கிறது. இந்தத் திறப்பு ஒரு நாள், சில சமயம் இரண்டு நாள் வரை நிற்கும். அதனால்தான் நீரிழிவுக்காரர்கள் தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் பயிற்சி இல்லாமல் இருக்கக் கூடாது என்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் மூன்று மணி நேரம் ஓடிவிட்டு ஆறு நாள் படுத்திருப்பதில் பயன் குறைவு.

உலக சுகாதார நிறுவனம் 2020-இல் சொன்ன அளவு இது. பெரியவர்களுக்கு வாரத்தில் 150 முதல் 300 நிமிடம் மிதமான அசைவு. அதோடு இரண்டு நாள் தசைக்கு வலு தரும் பயிற்சி. 65 வயது தாண்டியவர்களுக்கு, விழாமல் நிற்பதற்கான பயிற்சி வாரம் மூன்று நாள். 150 நிமிடம் என்பது நாளுக்கு 30 நிமிடம், வாரத்துக்கு 5 நாள். பத்துப் பத்து நிமிடமாகப் பிரித்தும் செய்யலாம். "மிதமான" என்றால் என்ன? பேச முடியும், பாட முடியாது. அவ்வளவுதான் அளவுகோல்.

அலுப்பு வந்தால்?

ஒரே மைதானத்தை ஒரே பக்கமாகச் சுற்றி நடந்தால் ஒரு மாதத்தில் அலுத்துப் போகும். அது சோம்பேறித்தனம் இல்லை. உடம்பும் அப்படித்தான், ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்தால் அதைக் குறைந்த உழைப்பில் முடிக்கக் கற்றுக்கொள்கிறது. பிறகு முதலில் கிடைத்த பலன் கிடைப்பதில்லை. ஆகவே மாற்றம் மனசுக்கும் வேண்டும், தசைக்கும் வேண்டும்.

இதற்கு நம் பினாங்கே நல்ல உதாரணம். பிரம்புப் பந்தை வட்டமாக நின்று காலால் தட்டும் செப்பாக் ராகா இந்த வட்டாரத்தின் பழைய ஆட்டம். பந்து கீழே விழாமல் எத்தனை தட்டு என்பதுதான் கணக்கு. 1945-இல் பினாங்கில் ஹமிட் மைடின் என்பவரும் நண்பர்களும் அதையே பேட்மிண்டன் போல நடுவில் வலை கட்டி ஆடிப் பார்த்தார்கள் என்று மலேசியாவில் சொல்லப்படுகிறது. பந்து அதே பந்து, கால் அதே கால். ஒரு வலை குறுக்கே வந்ததும் ஆட்டம் புதிதாகிவிட்டது. 1965-இல் கோலாலம்பூரில் நடந்த தென்கிழக்காசியத் தீபகற்ப விளையாட்டுப் போட்டியில் அது இடம்பெற்றது. இன்று செப்பாக் தக்ராவ் என்று பல நாடுகளில் ஆடுகிறார்கள். காசு போட்டு இயந்திரம் வாங்கவில்லை. கையில் இருந்ததைக் கொஞ்சம் மாற்றினார்கள். நாமும் அந்த வழியிலேயே போவோம்.

முதல் வழி: முருகன் கொடுத்த படிகள்

தண்ணீர்மலை பாலதண்டாயுதபாணி கோயிலுக்கு 513 படிகள். தைப்பூசத்தன்று குடும்பத்தோடு ஏறுகிறோம். மறுநாள் கால் வலிக்கு எண்ணெய் தேய்க்கிறோம். அடுத்த தைப்பூசம் வரை அந்தப் பக்கம் தலை வைத்துப் படுப்பதில்லை. முருகன் வருஷம் முழுக்க அங்கேதான் இருக்கிறார், தோழர்களே! மாதம் இரண்டு முறை, வெயில் ஏறும் முன் போய் வந்தால் பக்திக்குப் பக்தி, பயிற்சிக்குப் பயிற்சி. முதல் தடவையே உச்சிக்குப் போக வேண்டும் என்று சட்டமில்லை. 100 படி ஏறி, மூச்சு ஒழுங்காகும் வரை நின்று, மறுபடி 100. அடுத்த முறை நிற்கும் இடங்களைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

தீவுக்கு வர முடியாதவர்களுக்கு அடுக்குமாடிப் படியே போதும். இரண்டு மாடிக்கு முன்னால் லிப்டை விட்டு இறங்கி, மீதியை நடந்து ஏறுங்கள். இறங்குவதையும் இளக்காரமாக நினைக்க வேண்டாம். 2017-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், உடல் பருத்த மூத்த பெண்களை இரண்டு பிரிவாக்கினார்கள். 12 வாரம் ஒரு பிரிவு படி ஏற மட்டும் செய்தது, மற்றது படி இறங்க மட்டும் செய்தது, மறுவழிக்கு லிப்ட். கடைசியில் தொடை வலு, இரத்தச் சர்க்கரை முதலியவற்றில் அதிக முன்னேற்றம் கண்டது இறங்கியவர்கள்தான்! இறங்கும்போது தொடைத் தசை உடம்பைத் தாங்கித் தாங்கி விடுகிறது. அது தசைக்கு நல்ல பாடம். ஆனால் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, நிதானமாக, குறைவாக ஆரம்பிக்க வேண்டும். ஏற்கனவே முட்டி வீங்கியிருப்பவர்கள் டாக்டரைக் கேட்ட பிறகே செய்யுங்கள்.

கால் பழகிய பிறகு கொடிமலையையும் முயன்று பார்க்கலாம். 1884-இல் உண்டான தாவரவியல் பூங்காவிலிருந்து உச்சிக்குச் சுமார் 5 கிலோமீட்டர் தார்ச் சாலை செங்குத்தாகப் போகிறது. இளைஞர்கள் கூட்டமாக ஏறி, ரயிலில் இறங்கிவிடலாம். அது மாதத்துக்கு ஒரு நாள் திருவிழா மாதிரி; தினசரிப் பயிற்சி அல்ல.

இரண்டாவது வழி: சிலம்பம்

"சிலம்பமா? அது சின்னப் பசங்க மேடையில காட்டறது" என்று ஒதுக்காதீர்கள். ஒரே கையால் உளி இழுக்கிறவர்களுக்கு இதைவிட நல்ல மருந்து கிடையாது. கம்பு இரண்டு கைக்கும் மாறுகிறது. வலப்பக்கம் சுற்றியதை இடப்பக்கமும் சுற்ற வேண்டும். மணிக்கட்டு, முழங்கை, தோள், இடுப்பு எல்லாம் சுழல்கின்றன. காலடி வைக்கும்போது முட்டி மடங்கித் தொடை வேலை செய்கிறது. நாள் முழுக்கத் தூங்கிய தசைகளை எல்லாம் எழுப்பிவிடுகிறது.

நெற்றி உயரத்துக்கு ஒரு மூங்கில் அல்லது பிரம்புக் கம்பு போதும். பள்ளிக்கூடத்தில் ரோத்தானைக் கண்டு ஓடியவர்கள் இப்போது அதையே கையில் பிடிக்கலாம்! முதல் வாரம் கம்பை நடுவில் பிடித்து, உடம்புக்கு முன்னால் மெதுவாக எட்டுப் போடுவது போலச் சுற்றுங்கள். வலக்கை 20, இடக்கை 20. இடக்கை தடுமாறும். அந்தத் தடுமாற்றம்தான் பயிற்சி. மூளையும் கையும் புதிதாகப் பேசிக்கொள்கின்றன. நான்கு பக்கமும் ஆள் இல்லாத இடமாகப் பாருங்கள். சுற்றவும் அடிக்கவும் கற்க வேண்டுமானால் ஆசானிடம் போங்கள். பிள்ளைகள் கற்கும் வகுப்பில் அப்பா, அம்மாவும் ஓர் ஓரமாக நின்று காலடி போடலாம். ஆசான் விரட்ட மாட்டார்.

மூன்றாவது வழி: வட்டப் பந்து

வலையும் வேண்டாம், குட்டிக்கரணமும் வேண்டாம். நான்கைந்து பேர் வட்டமாக நின்று, பழைய முறையில் பந்தைக் காலாலும் முட்டியாலும் தட்டுங்கள். ஒற்றைக் காலில் நின்று மறு காலைத் தூக்குவதால் இடுப்பும் கணுக்காலும் வலுப்பெறும். விழாமல் நிற்கும் திறன் வளரும். பந்து கீழே விழுந்தால் போட்டவர் ஐந்து முறை குந்தி எழ வேண்டும் என்று விதி வைத்தால் சிரிப்புக்கும் பஞ்சம் இருக்காது. மலாய், சீனத் தோழர்களையும் கூப்பிடுங்கள். தொழிற்சாலைச் சாப்பாட்டு வேளையில்கூடப் பத்து நிமிடம் ஆடலாம். வயிறு நிறையச் சாப்பிட்ட உடனே மட்டும் வேண்டாம்.

நான்காவது வழி: கும்மியும் கோலாட்டமும்

நம் பெண்களுக்குத்தான் பயிற்சி செய்ய இடமும் இல்லை, நேரமும் இல்லை. மைதானத்தில் தனியாக ஓடினால் பார்ப்பவர் என்ன சொல்வார்களோ என்ற கூச்சமும் இருக்கிறது. ஆனால் கோயில் மண்டபத்தில் பத்துப் பெண்கள் சேர்ந்து கும்மி அடித்தால் யார் என்ன சொல்வது? குனிந்து தட்டி, நிமிர்ந்து தட்டி, சுற்றி வரும்போது இடுப்பும் முதுகும் தோளும் ஒழுங்காக அசைகின்றன. நான்கு பாட்டு ஆடினால் இருபது நிமிடம் ஓடிப்போகும். கோலாட்டத்தில் இன்னொரு நன்மை. எதிரில் இருப்பவர் கோலைத் தட்டி, திரும்பி, அடுத்தவர் கோலைத் தட்ட வேண்டும். அடி தவறினால் எல்லாருக்கும் தெரியும். கவனம் சிதற முடியாது.

2003-இல் நியூயார்க் மருத்துவர்கள் 75 வயது தாண்டிய 469 பேரைப் பற்றி ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். உடம்பை அசைக்கும் பொழுதுபோக்குகளில், பின்னாளில் நினைவு மங்கும் நோய் குறைவாக வருவதோடு தொடர்புடையதாகத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான்: நடனம். நம் பாட்டிமார்கள் முளைப்பாரியைச் சுற்றி ஆடியது வீண் போகவில்லை.

ஐந்தாவது வழி: பக்கத்து வீட்டுச் சீனப் பெரியவர் செய்வது

காலை வேளையில் தாவரவியல் பூங்காவிலோ வீடமைப்புத் திடலிலோ சீனப் பெரியவர்கள் மெல்ல மெல்லக் கை வீசித் தைச்சி செய்வதைப் பார்த்திருப்பீர்கள். "இது என்ன, காத்துல மாவு பெசையறாங்க" என்று நாம் கேலி பேசுவதுண்டு. ஆனால் அந்த மெதுவிலே விஷயம் இருக்கிறது. முட்டியை லேசாக மடித்தபடி உடம்பின் எடையை ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாற்றுகிறார்கள். வயதானவர்கள் விழுவதைத் தைச்சி குறைக்கிறது என்பது பல ஆய்வுகளில் உறுதிப்பட்ட செய்தி. வயதான காலத்தில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் பலர் பழையபடி எழுந்து நடப்பதே இல்லை. ஆகவே வெட்கப்படாமல் பின்வரிசையில் போய் நின்று பாருங்கள். ஒரு புன்னகை போதும், மொழி தேவையில்லை.

சிலர் பின்பக்கமாக நடப்பதையும் பார்க்கலாம். அதுவும் நல்ல பயிற்சிதான். முன்தொடை வேறு விதமாக வேலை செய்கிறது. சமதளமான இடத்தில், பக்கத்தில் ஒருவர் துணை நிற்க, இருபது அடி மட்டும் நடங்கள். ரோட்டில் வேண்டாம்.

வீட்டுக்குள்ளேயே

இரவு ஷிப்ட் முடிந்து வருகிறவர்களுக்குக் கோயிலும் இல்லை, மைதானமும் இல்லை. அவர்கள் பிள்ளைகளின் ஆட்டத்தைக் கடன் வாங்கலாம். கயிறு தாண்டுதல், நொண்டி, நாற்காலியில் உட்கார்ந்து எழுதல், சுவரில் கை ஊன்றித் தள்ளுதல். ஒவ்வொன்றும் இரண்டு நிமிடம். சோறு சாப்பிட்ட பிறகு உடனே படுக்காமல் பத்து நிமிடம் மெதுவாக நடந்தால், சாப்பாட்டுக்குப் பின் ஏறும் சர்க்கரை அவ்வளவாக ஏறாது. இது செலவில்லாத வைத்தியம்.

வாரத்துக்கு ஒரு மாதிரித் திட்டம்

திங்கள்: சாப்பாட்டுக்குப் பின் நடை, மூன்று வேளையும் பத்துப் பத்து நிமிடம்.
செவ்வாய்: கம்பு சுற்றுதல், காலடி, 20 நிமிடம்.
புதன்: படி ஏறி இறங்குதல், 20 நிமிடம்.
வியாழன்: ஓய்வு. கை, கால், முதுகை நீட்டி மடக்குவது மட்டும்.
வெள்ளி: கோயிலில் கும்மி அல்லது கோலாட்டம், 30 நிமிடம்.
சனி: வட்டப் பந்து, 30 நிமிடம்.
ஞாயிறு: குடும்பத்தோடு தண்ணீர்மலை, அல்லது பூங்காவில் நடை, 40 நிமிடம்.

ஆறு வாரத்துக்கு ஒருமுறை இதில் ஒன்றை எடுத்துவிட்டுப் புதிதாக ஒன்றைப் போடுங்கள். ஷிப்டுக்குத் தகுந்தபடி நாளை மாற்றிக்கொள்ளலாம். தோட்டத்தில் கடுமையாக உழைத்த நாளில் இன்னும் பாரம் தூக்கும் பயிற்சி வேண்டாம். அன்றைக்கு நீட்டி மடக்குவதும் மெதுநடையும் போதும்.

இவற்றை மறக்காதீர்கள்

நெஞ்சு இறுகினாலோ, இடது கைக்கோ தாடைக்கோ வலி பரவினாலோ, கண் இருட்டினாலோ உடனே நிறுத்தி மருத்துவமனைக்குப் போங்கள். "வாயுப் பிடிப்புதான்" என்று சுக்குத்தண்ணி குடித்துக்கொண்டு உட்காராதீர்கள்.

இனிப்பு நீர்க்காரர்கள், முக்கியமாக இன்சுலின் போடுகிறவர்கள், வெறும் வயிற்றில் கடும் பயிற்சி செய்யக் கூடாது. கை நடுக்கம், குளிர் வியர்வை, படபடப்பு வந்தால் சர்க்கரை இறங்குகிறது என்று பொருள். மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். பையில் மிட்டாய் இருக்கட்டும்.

கால் மரத்துப் போனவர்கள் சுடுகல்லில் வெறுங்காலோடு ஏறவே கூடாது. கோயில் முறைப்படி செருப்பு விட வேண்டிய இடத்தில் விடுங்கள். ஆனால் கல் சூடேறும் முன் போய் வந்துவிடுங்கள். வீட்டுக்கு வந்ததும் பாதத்தின் அடியைக் கண்ணாடி வைத்துப் பாருங்கள். ஒரு சின்னக் கொப்புளம் ஒரு காலையே கொண்டுபோகும்.

காலை 9-க்கு முன், மாலை 6-க்குப் பின் வெயில் தணிந்த நேரம் நல்லது. தாகம் எடுக்கும் முன்பே தண்ணீர் குடியுங்கள்.

40 வயது ஆனவர்கள் ஆரம்பிக்கும் முன் இரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு மூன்றையும் பார்த்துக்கொள்வது நல்லது. சொக்சோ 40 வயதை எட்டிய சந்தாதாரர்களுக்காக 2013-இல் இலவச உடல் பரிசோதனைத் திட்டம் தொடங்கியது. உங்களுக்கு அது கிடைக்குமா என்று கிளைச் செயலாளரிடம் விசாரியுங்கள்.

சங்கத்தின் வேலை என்ன?

இவ்வளவும் தனி மனிதர் பாடு. ஆனால் முதலில் சொன்ன டென்மார்க் கணக்கை நினைத்துப் பாருங்கள். உடம்பைக் கெடுத்தது அசைவு அல்ல, ஓய்வில்லாத சுமை. அந்தச் சுமையைத் தொழிலாளி தனியாகக் கும்மியடித்துச் சரி செய்துவிட முடியாது. வேலை ஒழுங்கும் மாற வேண்டும்.

ஜப்பானில் 1928-லிருந்து வானொலியில் பியானோ இசையோடு ஒரு குறுகிய உடற்பயிற்சி ஒலிபரப்பாகிறது. மூன்று நிமிடம்தான். இன்றும் அங்கே பல தொழிற்சாலைகளிலும் கட்டட வேலைத் தலங்களிலும் வேலை தொடங்கும் முன் எல்லாரும் வரிசையாக நின்று அதைச் செய்கிறார்கள். அதிகாரி, தொழிலாளி என்ற பேதம் இல்லை. நம் பெரட்டிலும் ஐந்து நிமிடம் இதற்கு ஒதுக்கினால் என்ன? தோள் சுழற்றுதல், கழுத்தை மெதுவாக இருபக்கமும் சாய்த்தல், இடுப்பில் கை வைத்துப் பின்னால் வளைதல், முட்டி மடித்து எழுதல், மணிக்கட்டைச் சுற்றுதல். குளிர்ந்து கிடக்கும் உடம்போடு நேராக அரிவாளை இழுப்பதைவிட இது எவ்வளவோ மேல். ஆனால் ஒன்று: அந்த ஐந்து நிமிடம் வேலை நேரத்தில் சேர வேண்டும். பெரட்டை ஐந்து நிமிடம் முன்னே தள்ளி, தொழிலாளியின் தூக்கத்திலிருந்து அதைப் பிடுங்கக் கூடாது. முதுகு பிடித்து எம்.சி. எடுக்கும் நாள் குறைந்தால் நிர்வாகத்துக்கும் லாபம்தானே? கிளைகள் இதைப் பேச்சுவார்த்தை மேசைக்குக் கொண்டுபோகலாம்.

கிளைக் கூட்டத்தில் பேசுவதற்கு

1. உங்கள் வேலையில் எந்தக் கை, எந்தப் பக்கம் அதிகமாக உழைக்கிறது? எது சும்மா இருக்கிறது?

2. உங்கள் பகுதியில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் பெண்கள் கூடி ஆடக் கோயில் மண்டபமோ தமிழ்ப்பள்ளித் திடலோ கிடைக்குமா? சாவி யாரிடம் இருக்கிறது? யார் போய்க் கேட்பது?

3. சிலம்பம், கோலாட்டம் தெரிந்த மூத்தவர்கள் உங்கள் லயத்திலோ அடுக்குமாடியிலோ இருக்கிறார்களா? அவர்கள் கால் ஓயும் முன் நான்கு பேருக்காவது அதைச் சொல்லித்தர ஏற்பாடு செய்ய முடியுமா?

4. பெரட்டில் ஐந்து நிமிடப் பயிற்சி வேண்டும் என்று கேட்பதானால், அதை வேலை நேரமாகக் கணக்கிடும் கோரிக்கையை எப்படி எழுதுவது?

இந்த நான்கில் இரண்டாவது கேள்விக்கு அடுத்த கூட்டத்துக்கு முன்பே பதில் தேடுங்கள். ஒரு சாவியும் பத்துப் பெண்களும் கிடைத்துவிட்டால், வரும் வெள்ளிக்கிழமையே ஆரம்பித்துவிடலாம்.